தலைகீழாய் வைத்தால் ஓடும் யந்திரம்

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இல்லங்களில் விந்தையானதொரு காட்சி தென்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் சாம்பல் நிறமுள்ள ஒரு தட்டையான யந்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். சோனி நிறுவனம் 1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிளேஸ்டேஷன்' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியே அது. நேராக வைத்தால் ஆட்டம் தொடங்காது. தொடங்கினாலும் படம் விட்டுவிட்டு ஓடும். கவிழ்த்து வைத்தாலோ ஒழுங்காக வேலை செய்யும். இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒளியியலையும் சிறிது யந்திர நூலையும் கற்றவர் எளிதில் உணரக்கூடிய காரணம் இதற்கு உண்டு.

இக்கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்பனையானது. 2006இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. பலர் கைமாறிப் பழைய பொருள் விற்கும் கடைகளுக்கு வந்துசேரும் இத்தகைய கருவிகளை மாணவர்கள் வாங்கி, அவை ஓடாதபோது ஆசிரியரிடமோ, ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவரிடமோ கொண்டுவருவது இயல்பே. அவ்வாறு வந்தவற்றுள் பல, பழுதினால் அன்றிப் பழுதுபார்த்ததினாலேயே கெடுகின்றன. "லேசர் தேய்ந்துவிட்டது" என்று முதலிலேயே முடிவுகட்டி, தொடக்கூடாத திருகாணியைத் திருப்பிவிடுவதே இதற்குக் காரணம். நோய் எங்கே இருக்கிறது என்பதைக் குறிகளைக்கொண்டு ஆராயும் முறையை இங்கே காண்போம். இசைக் குறுந்தகடு இயக்கும் பெட்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

குறுந்தகட்டின் தடிப்பு 1.2 மில்லிமீட்டர். அதில் செய்தி நுண்ணிய குழிகளாக ஒரே சுருள்கோட்டில் பதிந்துள்ளது. சுருளின் அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையேயுள்ள தூரம் 1.6 மைக்ரான், ஒரு தலைமயிரின் தடிப்பினுள் ஏறக்குறைய நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி, லென்சின் வழியாகத் தகட்டினுள் புகுந்து, குழிகள் உள்ள படலத்தில் ஒரு புள்ளியாகக் குவிந்து திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வே செய்தியாகிறது. சுழலும் தகடு அரை மில்லிமீட்டர் அளவுகூட மேலும் கீழும் அசையலாம். ஒளிப்புள்ளியோ ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் விலகலாகாது. ஆகவே லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் தொங்கவிடப்பட்டு, சிறு கம்பிச் சுருள்களினால் கணந்தோறும் மேலும் கீழும், உள்ளும் புறமும் நகர்த்தப்படுகிறது. லென்ஸையும் லேசரையும் தாங்கிய சிறு வண்டி, வழித்தண்டின்மீது தகட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்கிறது. செய்தி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது என்பதை நினைவில் வைத்தல் நலம். பின்னால் இது பயன்படும்.

முதல் பிளேஸ்டேஷன்களில் இவ்வண்டி பிளாஸ்டிக்கினால் ஆனது. மேலும், மின்சாரத்தை மாற்றி அளிக்கும் பகுதியின் அருகிலேயே அது அமைந்திருந்தது. ஓயாத உஷ்ணத்தாலும் உராய்வாலும் வண்டியின் தாங்குமிடம் சீரின்றித் தேய்ந்தது. தேய்ந்த பக்கம் சற்றே தாழ, லென்ஸ் சாய்ந்தது. தகட்டின்மேல் செங்குத்தாக விழவேண்டிய ஒளி கோணலாக விழுந்தது. யந்திரத்தைக் கவிழ்க்கும்போது வண்டியின் எடை எதிர்ப்புறம் சார்கிறது. அங்கே தேயாத பரப்பு இருப்பதால் லென்ஸ் மீண்டும் நேர்ப்படுகிறது. கவிழ்த்து வைத்தவர்கள் தாம் அறியாமலேயே ஒரு நல்ல பரிசோதனையைச் செய்திருக்கின்றனர்! நேராக ஓடாத கருவி கவிழ்த்தால் ஓடுமாயின், லேசர் உயிரோடிருக்கிறது, பழுது வண்டியிலேயே என்பது ஏறக்குறைய உறுதி. பிந்திய மாதிரிகளில் தகடு படிக்கும் பகுதி மின்சாரப் பகுதியினின்று விலக்கிப் பக்கவாட்டில் வைக்கப்பட்டது.

ஆராயத் தொடங்குமுன் அபாயங்கள் சிலவற்றை அறிதல் வேண்டும். ஜப்பானில் விற்கப்பட்ட கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்கப்பட்டது 120 வோல்ட்டுக்கும் அமைந்தது. நம் நாட்டின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் மின்சாரப் பகுதி அக்கணமே அழியும். அடியிலுள்ள சீட்டைப் படித்து, தேவையாயின் அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரின் வழியே இணைக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றியபின் மின்சாரப் பகுதி திறந்தே கிடக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதிலுள்ள பெரிய கண்டென்சர் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். மாணவர் கையை அங்கே அனுமதிக்கலாகாது. லேசர் ஒளி அகச்சிவப்பு ஆதலின் கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாது. புலப்படாமையாலேயே அது மிகவும் அபாயமானது. லென்ஸை நேர் மேலிருந்து உற்று நோக்கி "எரிகிறதா" என்று பார்ப்பவர் தம் கண்ணைப் பணயம் வைக்கிறார்.

இனிக் குறிகளுக்கு வருவோம். தகடு சுழலவே இல்லை என்றால் மோட்டார் கெட்டது என்றே பலரும் எண்ணுவர். இவ்வகைக் கருவிகளுள் பெரும்பாலானவை முதலில் லென்ஸை மேலும் கீழும் அசைத்து ஒளி குவியும் இடத்தைத் தேடுகின்றன. குவியம் கிட்டாவிடில் சுழற்றும் முயற்சியையே கைவிட்டுவிடுகின்றன. ஆகவே மோட்டார் நின்றதற்குக் காரணம் லென்சின்மேல் படிந்த தூசியாகவும் இருக்கலாம். மூடியின் அடியில் ஒரு சிறு பொத்தான் உண்டு. மூடி அதனைச் சரியாக அழுத்தாவிடினும் தகடு சுழலாது. இவ்விரண்டையும் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

லென்ஸைத் துடைக்க, பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மிகச் சிறிதளவு தொட்டு, நடுவிலிருந்து வெளியே மெல்ல வருட வேண்டும். அழுத்தினால் தாங்கிகள் வளையும். தகட்டின் கீழ்ப்பரப்பில் தூசி இருப்பதைவிட லென்சில் இருப்பதே பெருங்கேடு. தகட்டின் பரப்பில் ஒளிக்கற்றை இன்னும் குவியாமல் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலத்தில் உள்ளது. நுண்ணிய தூசியின் நிழல் அதில் கரைந்துபோகும். தகட்டை ஆராயும்போது கீழ்ப்பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடலாகாது. குழிகள் பதிந்த படலம் எழுத்து அச்சிட்ட மேற்பக்கத்தை ஒட்டியே உள்ளது. அங்கே விழும் கீறல் செய்தியையே அழித்துவிடும். தகட்டைத் துடைக்கும்போது வட்டமாக அன்றி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். பிளேஸ்டேஷன் தகடுகள் கீழ்ப்புறம் கறுப்பாயிருப்பது கண்டு சிலர் ஐயுறுவர். அச்சாயம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பு ஒளி அதனைத் தடையின்றி ஊடுருவும்.

அடுத்த பரிசோதனை ஓர் இசைக் குறுந்தகட்டை இட்டுப் பார்ப்பது. இசையைப் படிக்கும்போது தகடு சாதாரண வேகத்தில் சுழல்கிறது. விளையாட்டைப் படிக்கும்போது இருமடங்கு வேகம். இசை தெளிவாகக் கேட்டு, விளையாட்டு மட்டும் தொடங்கவில்லையாயின் இரண்டு காரணங்களை எண்ணலாம். ஒன்று, ஒளி இருப்பினும் வலிமை போதாமை. மற்றொன்று பழுதே அன்று. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே குறியிட்ட தகடுகளைச் சோனி வெளியிட்டது. தகட்டின் தொடக்கப்பகுதியில் சுருள்கோடு மிக நுண்மையாக நெளிந்து அக்குறியைத் தாங்கியுள்ளது. ஜப்பானியத் தகட்டை அமெரிக்கக் கருவி ஏற்க மறுப்பது அதன் கட்டளையே. இதனை அறியாது நல்ல கருவியைப் பிரித்துப் போட்டவர் உண்டு.

தொடக்கத்தில் வரும் திரைப்படக் காட்சி மட்டும் தடுமாறி, ஆட்டம் நன்றாக நடக்கிறதா? அதுவும் பொருளுள்ள குறியே. ஆட்டத்திற்கான செய்தி ஒருமுறை தவறினால் யந்திரம் திரும்பிச் சென்று மீண்டும் படிக்கும். திரைப்படமோ ஓடிக்கொண்டே இருக்கவேண்டியது. திரும்பிப் படிக்க நேரமில்லை. ஆகவே தளர்ச்சி முதலில் அங்கேதான் வெளிப்படுகிறது. குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, அரைமணி கழித்துத் தடுமாறினால் உஷ்ணத்தை ஐயுறுக. ஆட்டத்தின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும், எந்நாளும் அதே இடத்தில் நின்றால், தகட்டின் அப்பகுதியையே ஐயுறுக. பல தகடுகளும் விளிம்பை நெருங்கும்போதே தவறினால், வண்டி அவ்வளவு தூரம் ஊர்ந்து செல்லவில்லை என்பது பெறப்படும். வழித்தண்டில் பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். அதனைத் துடைத்துப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத புதுக் கிரீஸை ஊசிமுனையளவு தடவினால், பிணமென்று கருதிய கருவி எழுந்து நடப்பதும் உண்டு.

தகட்டில் தோன்றும் குறிக்கு வேறிடத்தில் காரணம் இருப்பதற்குச் சிறந்த சான்று, சேகா நிறுவனம் 1998 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்டு, 2001இல் உற்பத்தியை நிறுத்திய 'டிரீம்காஸ்ட்' ஆகும். ஆட்டத்தின் நடுவே அது தானாகவே தொடக்கத் திரைக்குத் திரும்பிவிடும். தகடு படிக்கும் பகுதிமேல் பழி விழும். உண்மையில் குற்றம் பெரும்பாலும் மின்சாரப் பகுதியை முதன்மைப் பலகையோடு இணைக்கும் சில ஊசிகளில் படிந்த களிம்பே. உதாரணமாக, அவ்விணைப்பில் 0.2 ஓம் தடை ஏற்பட்டு, 2 ஆம்பியர் ஓடுமாயின் 0.4 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். மோட்டார் முடுக்கம் பெறும் கணத்தில் மின்னோட்டம் உயர, அழுத்தம் மேலும் தாழ்ந்து யந்திரம் தன்னைத் தானே மீளத் தொடங்குகிறது. ஊசிகளைத் தேய்த்துத் துடைத்தவுடன் நோய் நீங்கிய கருவிகள் பல. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியருக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இத்தனையும் பார்த்த பின்னரே லேசரைப் பற்றிப் பேசலாம். லேசர் பகுதியில் ஒரு சிறு மாறுதடை உண்டு. அதனைச் சற்றுத் திருப்பினால் லேசருக்குச் செல்லும் மின்னோட்டம் கூடி, படிக்காத தகடு உடனே படிக்கும். இதுவே பலரை ஏமாற்றும் வெற்றி. மெலிந்த லேசர் மிகைமின்னோட்டத்தில் சிலகாலம் ஒளிர்ந்து பின் முற்றிலும் அணையும். தூசியாலோ தேய்மானத்தாலோ வந்த கோளாற்றுக்கு இம்மருந்தைக் கொடுத்தால் நல்ல லேசரும் மடியும். அதனைத் தொடாதிருப்பதே நம் கருத்து. மேற்கூறிய எதனாலும் குணப்படாத கருவிக்கு மட்டும் லேசர் பகுதியை முழுதாக மாற்றலாம். நிலைமின்சாரம் அதனைக் கொன்றுவிடுமாதலால், தொடுமுன் நிலத்தோடு இணைந்த உலோகத்தைத் தொட்டுக் கையை மின்னிறக்கம் செய்துகொள்க. புதிய பகுதிகள் சிலவற்றில், வழியில் நிலைமின்சாரம் தாக்காதிருக்க, ஈயப்பற்று ஒரு சொட்டு இட்டு இரு முனைகளைக் குறுக்கே இணைத்திருப்பர். நாடாக் கம்பியை இணைத்த பிறகு அதனை நீக்க வேண்டும். நீக்க மறந்தால் புதிய லேசரும் இருண்டே கிடக்கும்.