உங்களுக்குத் தெரியுமா? கான்ஹாவின் புலியும் பாரசிங்காவும்

மத்தியப் பிரதேசத்தில் 1955-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்க்கப்பட்ட கான்ஹா, புலிகளால் பெயர்பெற்றதாயினும், அதன் அரிய செல்வம் ‘பாரசிங்கா’ என்னும் மானே ஆகும். ‘பன்னிரு கொம்பு’ எனப் பொருள்படும் இந்த இந்திச் சொல், கிளைகள் பல விரியும் அதன் கொம்பைக் குறிக்கிறது. இவ்வினத்தின் பிற பிரிவுகள் சதுப்பு நிலத்தில் வாழ, கான்ஹாவின் பிரிவு மட்டும் கெட்டியான தரையில் நடமாடுவதற்கேற்ற குளம்புகளைக் கொண்டது. 1970-இல் வெறும் 66 ஆகச் சுருங்கிவிட்ட இதன் எண்ணிக்கை, ஊர்கள் இடம்பெயர்க்கப்பட்டுப் புல்வெளிகள் விரிந்ததாலும், ஊனுண்ணிகள் நுழைய முடியாத வேலிக்குள் மான்கள் பெருக்கப்பட்டதாலும் பல நூறாக உயர்ந்தது. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் இதற்கு நிகரான மீட்சிகள் மிகச் சிலவே.

புலியைக் காண வருவோர் கண்ணைவிடக் காதையே நம்புதல் நன்று. மரத்தின் மேலிருந்து புலியைக் கண்டுவிடும் மந்தியும், கீழே மேயும் புள்ளிமானும் எழுப்பும் குரல், அதாவது ஆபத்தை அறிவிக்கும் ‘எச்சரிக்கை ஒலி’, புலி அருகில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு அமைவதில்லை என்பதால், தானியங்கிக் கேமராப் படங்களைக் கொண்டே ஒவ்வொன்றையும் இனங்கண்டு கணக்கிடுகின்றனர்.

மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை பூங்காவின் மையப்பகுதி பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும்.