இரண்டு நிமிஷத்தில் ஆகாயம்

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்குப் பகுதியிலுள்ள டேவிஸ் மலைகளின் மீது அமைந்த மெக்டொனால்ட் வானாராய்ச்சி நிலையம் தினந்தோறும் வழங்கிவரும் ‘ஸ்டார் டேட்’ என்னும் வானொலி நிகழ்ச்சி இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடுவது. எனினும் 1978-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தேசமெங்கும் ஒலிக்கத் தொடங்கிய அது பல தசாப்தங்களைக் கடந்து நிலைத்து நிற்கிறது. அன்றைய இரவில் வானத்தில் என்ன தெரியும் என்று அறிய விரும்புவோருக்காக டெபோரா பேர்ட் என்ற அம்மையார் முந்திய வருஷம் தொலைபேசியில் பதிவு செய்து வைத்த சிறு செய்திகளே இதற்கு வித்து. முதலில் ஜோயல் பிளாக்கும், 1991 முதல் 2019 வரை சாண்டி வுட் அம்மையாரும் இதற்குக் குரல் கொடுத்தார்கள்.

இரண்டு நிமிஷத்துக்கு எழுதுவது எளிதென்று எண்ணிவிடக்கூடாது. புத்தகம் படிப்பவன் புரியாத பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். வானொலி கேட்பவனுக்கோ அந்தச் சௌகரியம் இல்லை. வேகா என்னும் நட்சத்திரம் சுமார் 237 லட்சம் கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகச் சொன்னால் அந்த எண் காதில் விழுந்த க்ஷணமே மறைந்துபோகும். அதையே, இன்றிரவு உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி 25 வருஷங்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிட்டால், கேட்பவர் அந்த வருஷத்தில் தாம் எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தம் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டு யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

நியூயார்க்கில் இரவு ஒன்பது மணியாகும்போது லாஸ் ஏஞ்சலீஸில் மாலை ஆறு மணிதான். அப்படியிருக்க, ஒரே வாசகம் இரண்டு ஊருக்கும் எவ்வாறு பொருந்தும் என்ற சந்தேகம் எழுவது இயற்கை. பூமி சுழல்வதால், கிழக்குக் கரையில் ஒன்பது மணிக்குத் தென்படும் நட்சத்திரக் கூட்டம், மேற்குக் கரையிலும் அந்த ஊர்க் கடிகாரம் ஒன்பதைக் காட்டும் வேளையில் ஏறக்குறைய அதே திசையில் காட்சியளிக்கும். இதற்குச் சற்றே உடன்படாதது சந்திரன் மட்டுந்தான். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அது நட்சத்திரங்களினூடே தன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் கிழக்கே நகர்ந்துவிடுவதால், அதன் அருகே நிற்கும் கிரகத்தைப் பற்றி எழுதுகிறவர் இடைவெளியை அளந்து சொல்லாமல், பக்கத்தில் என்று மட்டும் சொல்வதே உசிதம். கிரகங்களின் சஞ்சாரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாமாகையால் வாசகங்களை வெகு முன்பே எழுதிப் பதிவு செய்துகொள்ளவும் முடிகிறது. எதிர்பாராமல் தோன்றும் வால்நட்சத்திரத்துக்குத்தான் இந்த ஏற்பாடு உதவாது.

தொலைதூர நட்சத்திர மண்டலங்களின் பிரம்மாண்டத்தைப் பேசும் நிகழ்ச்சிகளைக் காட்டிலும், கேட்பவரை எழுந்து முற்றத்துக்குப் போகச் செய்யும் நிகழ்ச்சியையே நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன். வானொலியால் படம் காட்ட இயலாதுதான். ஆனால் கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் பத்துப் பாகையை மறைக்கும் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், சந்திரனுக்கு இரண்டு முஷ்டி இடப்புறம் பாருங்கள் என்ற ஒரு வாக்கியமே போதும், தூரதரிசினியைக் கண்ணால் கண்டிராத ஒருவர் வியாழனைத் தாமே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.