லாக் இன்: கடலில் வீசிய கட்டை

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘லாக்’தான். கதவில் தொங்கும் பூட்டும் லாக். கணினியில் நுழையும்போது வரும் லாக் இன்னிலும் லாக். எங்கள் தெரு பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர்களைக் கேட்டால், “பாஸ்வேர்டுதான் சாவி, லாக் இன் என்றால் பூட்டைத் திறப்பது” என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்குக் கப்பல்களில் செகண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தச் சொல்லைப் பார்த்தாலே கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் விரித்து வைத்திருக்கும் லாக் புக்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் இந்த லாக்குக்கு முதல் பொருள் மரக்கட்டை. வேகமானி இல்லாத காலத்தில் மாலுமிகள் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான நூலில் இந்த முறையை விவரித்திருக்கிறார். பின்னாளில் அந்தக் கட்டை கால்வட்டப் பலகையானது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் நீரில் செங்குத்தாக நின்று, விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய தங்கிவிடும். கப்பல் போகப் போக உருளையிலிருந்து கயிறு அவிழும். அதில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ, மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்பது அந்த முடிச்சால்தான்.

அளந்ததை முதலில் பலகையில் சாக்கட்டியால் எழுதுவார்கள். பிறகு புத்தகத்தில் ஏற்றுவார்கள். கட்டை சொன்ன கணக்கு ஏறியதால் அது லாக் புக். நாளடைவில் அதில் எழுதுகிற செயலுக்கே ‘லாக்’ என்று பெயர் வந்தது.

நான் பார்த்தது 12–4 வாட்ச் எனும் பணிமுறை. இரவில் ஒன்று, பகலில் ஒன்று. திசை, வேகம், காற்று, கடலின் நிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கீழே இறங்கலாம். பிழை வந்தால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, இனிஷியல் போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். விபத்து என்றால் விசாரணைக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்பார்கள்.

இந்தப் பழக்கம் கணினிக்கும் வந்தது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையைச் செய்து காட்டியது. கணினி நேரத்துக்கு அன்று அவ்வளவு கிராக்கி. யார் எவ்வளவு எடுத்தார் என்று கணக்கு வைத்தாக வேண்டும். வருகிறவர் ‘லாகின்’ என்று தட்டித் தம்மைப் பதிவு செய்வார், போகும்போது ‘லாகவுட்’. தொழிலாளர்கள் வேலைக்கு வந்த நேரத்தைப் பதிவதை ‘கிளாக் இன்’ என்பார்களே, அதே வார்ப்பு. இப்படி வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதைத்தான் ஆங்கில இலக்கணம் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறது.

இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதலில் பயணம் போனதும் இந்தச் சொல்தான், அதுவும் அரைகுறையாக. 1969 அக்டோபர் 29 இரவு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்று எழுத்தெழுத்தாகத் தட்டினார். ‘எல்’ போனது, ‘ஓ’ போனது. அதோடு எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் முழுதாக நுழைய முடிந்தது.

தமிழில் பல தளங்கள் ‘உள்நுழைக’ என்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’. என் ஓட்டு புகுபதிகைக்குத்தான். நுழைவது ஒரு நொடி வேலை. பதிவு அப்படியே நின்றுவிடும். லாக் அவுட் செய்யாமல் பிரவுசிங் சென்டரை விட்டு எழுந்தால், அடுத்து உட்காருகிறவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் ஏறும்.

வங்கித் தளத்தில் நுழைந்ததும், கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று ஒரு மூலையில் காட்டும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. அடுத்த முறை படித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து வங்கியைக் கூப்பிடுங்கள்.