உங்களுக்குத் தெரியுமா? இலை உதிரும் கம்பம் ரோடு

அக்டோபர் பிறந்தால் போதும், பாஸ்டனிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் மரங்களைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுத் தள்ளுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 'காரை எடுத்துக்கிட்டு நாமளும் எங்கேயாவது போவோமே' என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தால், தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி போகும் சாலைக்கு இந்த வாரத் துணுக்குகள்.

● அக்டோபரில் இங்கே வந்து உதிர்ந்த இலையைத் தேடினால் ஏமாற்றம்தான். அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். மலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும். அடிவாரக் காடுகள் இலை கொட்டுவது தை பிறந்த பிறகு, பங்குனி வரைக்கும்.

● அமெரிக்க மேப்பிள் இலை கொட்டுவதற்குக் காரணம் குளிரும் சுருங்கும் பகலும். கம்பத்தில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இங்கே மரத்தை இலை உதிர்க்க வைப்பது தாகம். மண்ணில் ஈரம் வற்றியதும், இருக்கிற நீரை இலை வழியே இழக்காமலிருக்க மரம் இலையைக் கழற்றிவிடுகிறது.

● அதற்காக அக்டோபர் பயணத்தை ரத்து செய்துவிட வேண்டாம். ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து நட்ட முதல் போகம் முற்றி நிற்கும் சமயம் அது. பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டும்போது மஞ்சளுக்குக் குறைவில்லை. அறுப்பு மெஷின் முன்னால் ஊர்ந்தாலோ, ரோட்டோரம் நெல் காய்ந்தாலோ ஹாரன் அடிக்காமல் பொறுத்துப் போங்கள். நீங்கள் பார்க்க வந்த காட்சியே அதுதான்.

● அந்தத் தண்ணீர் இயல்பாக மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டியது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டது. குமுளி மலைப்பாதை தொடங்கும் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2013-இல் திறந்தது.

● கத்தரியால் இலையுதிர் காலத்தை வரவழைக்கும் ஊர் கம்பம். குளிர்நாட்டுத் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் தானே இலை கொட்டி உறங்கிவிடும். நம் வெயிலில் அதற்கு உறக்கமே கிடையாது. விட்டால் இலையாகவே படரும். அதனால் விவசாயி கவாத்து செய்து கொடியை மொட்டையடிக்கிறார். வெட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். சில நாளில் கணுக்கள் வீங்கிப் பச்சை எட்டிப் பார்க்கும். நான்கு மாதம் போல ஆனால் பழம். ஆளாளுக்கு வேறு வேறு மாதத்தில் கவாத்து என்பதால் ஒரு பந்தல் வெறும் கம்பியும் குச்சியுமாக நிற்க, வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பந்தலில் கருங்கொத்துகள் தொங்கும். நான்கு பருவத்தையும் ஒரே பார்வையில் காட்டும் சாலை உலகில் எத்தனை இருக்குமோ! கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

● நம் பக்கம் மரத்தில் சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் அது சாகப்போகிற இலை அல்ல, பிறந்த தளிர். அரசும் மாவும் நல்ல சாட்சி. பச்சையம் ஊறும்வரை இளந்தளிரை வெயிலிலிருந்து அந்தச் செந்நிறமி காப்பதாகச் சொல்கிறார்கள். விதிவிலக்கு பள்ளிக்கூட மைதானத்து நாட்டு வாதாம். அசல் அமெரிக்க பாணியில் சிவந்து உதிரும், பல இடங்களில் வருஷத்துக்கு இரண்டு முறை!

● போடி, வருசநாடு பக்கம் பங்குனியில் போனால் இலவ மரங்களில் இலை இருக்காது, காய் இருக்கும். வெடித்த காயிலிருந்து பஞ்சு பறக்கும். தலையணைக்குப் பேரம் பேச அதுவே சரியான நேரம்.

● 'போட்டோவில் இருப்பது மாதிரியே வேண்டும்' என்று அடம்பிடிப்பவர்களுக்கு என் சிபாரிசு இது: அதே 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குமுளியைத் தாண்டி, குட்டிக்கானம் இறங்கி, முண்டக்கயம் போங்கள். மார்கழிக் கடைசியிலும் தையிலும் ரப்பர் தோட்டங்கள் செம்பு நிறமாகிக் கொட்டும். தோட்டம் முழுக்க ஒரே மரம், ஒரே வயது. அதனால் குன்று குன்றாக ஒன்றுபோல நிறம் மாறும். கேரளக்காரர்களுக்கு இது பழகிப்போனதால் நின்று பார்ப்பவர் குறைவு.

● கொண்டை ஊசி வளைவுக் கணக்கு: போடிமெட்டு சாலையில் 17, மேகமலை சாலையில் 18. தலைசுற்றுபவர்களுக்குக் குமுளி ரோடு உத்தமம்.

● மேகமலையில் இலையுதிர் காட்சி கிடையாது. தேயிலையும் சோலைக்காடும் எப்போதும் பச்சை. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்பதால் இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். சின்னமனூரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

● சருகு சேரும் மாதங்களே காட்டுத்தீ மாதங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வனத்துறை 'மூடியிருக்கிறது' என்றால் வாதாடாமல் வண்டியைத் திருப்புங்கள்.

● குமுளிக்குப் பதிலாகக் கம்பம்மெட்டு வழியைத் தேர்ந்தெடுத்தால் விடிகாலையைத் தவிருங்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் பறக்கும் நேரம் அது. மாலையில் அதே வேகத்தில் திரும்பும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர்.