தடைக்காலத்துக்கு முந்தைய பங்குனி

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல அனுமதி இல்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவத்தில் கடலுக்கு ஓய்வு தரும் நோக்கத்துடன், 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 2001 முதல் நடைமுறையில் உள்ள இத்தடை, தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்து 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்பகுதிக்கு மட்டும் இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை பொருந்தும். மீன்வளத்தைக் காக்க இந்த ஓய்வு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓய்வின் செலவைத் தாங்குவது எது என்று பார்த்தால், கரையோரக் குடும்பங்களின் சமையலறைகளே பெரும்பகுதியைத் தாங்குகின்றன.

விசைப்படகுத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் பங்கு முறையில் உழைப்பவர்கள். ஒரு பயணத்தில் கிடைத்த மீனை விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வதே பங்கு முறை எனப்படுகிறது. படகு போகாத நாளில் பங்கும் இல்லை. ஆகவே இவர்களுக்குத் தடைக்காலம் என்பது வருமானம் குறையும் காலம் அன்று, பல வீடுகளில் அது அறவே நின்றுபோகும் காலம். நோயும் விபத்தும் சொல்லாமல் வருபவை; தடைக்காலமோ நாள் குறித்து வருவது என்பதால், அதற்கு முந்தைய பங்குனி மாதத்திலேயே வீட்டுக்குத் தேவையானவற்றைச் சேர்த்து வைக்க முடிகிறது, கையில் பணம் இருந்தால்.

பருவமும் இதற்குத் துணை நிற்கிறது. தை மாதத்தில் அறுத்த சம்பா அரிசி சந்தைக்கு வந்திருக்கும். புதுப்புளி மாசி, பங்குனியில் வந்து சேரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் அந்த வாரங்களில்தான் களங்களில் காய்ந்துகொண்டிருக்கும். இந்தப் புதுப்பொருட்களை வாங்குவது எளிது, கெடாமல் வைத்திருப்பதே கடினம், ஏனெனில் கடற்காற்றின் ஈரம் உப்பைக் கசிய வைக்கும், மிளகாய்த்தூளைக் கட்டியாக்கும், பருப்பில் வண்டு பெருக இடம் தரும். அதனால் மிளகாயையும் மல்லியையும் தூளாக வாங்காமல் முழுதாகக் காயவைத்துத் தேவைக்கேற்பத் திரிப்பதும், துவரம்பருப்பில் விளக்கெண்ணெயைத் தடவி வெயிலில் உலர்த்தி வைப்பதும் நல்ல வழக்கங்கள். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி மண்பானையில் அழுத்தி அடைப்பார்கள். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் இதற்கு உதவாது. அரிசி மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைத்து, நன்கு உலர்ந்த வேப்பிலையை இடையிடையே போட வேண்டும். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே அரிசியைக் கெடுத்துவிடும்.

கடலோர வீட்டுக்கே உரிய சேமிப்பு கருவாடு. நெத்திலி போன்ற சிறு மீனைப் பங்குனி வெயிலில் பரப்பினால் விரைவில் காய்ந்துவிடும். பெரிய மீனாயின் குடலை நீக்கி, முதுகைப் பிளந்து, சதையைக் கீறி, நான்கு பங்கு மீனுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு உப்பு என்ற அளவில் அடுக்கி ஊறவைத்து, பிறகு கழுவி உலர்த்துகிறார்கள். மணலில் உலர்த்தினால் மண் ஒட்டிக்கொள்ளும். உயரமாகக் கட்டிய வலைமேல் உலர்த்தினால் மேலும் கீழும் காற்றுப் பட்டு மீன் சீராகக் காயும். அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டில் பூஞ்சையும் புழுவும் சேர்வது உறுதி.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று கொண்டால், 61 நாட்களுக்கு ஏறத்தாழ 98 கிலோ தேவைப்படும். அத்தகைய குடும்பத்துக்கு நியாயவிலைக் கடையில் மாதம் 20 கிலோ வீதம் இரண்டு மாதங்களுக்கு 40 கிலோ விலையின்றிக் கிடைத்தாலும், மீதி 58 கிலோவை வெளியில் வாங்கியாக வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்கு மட்டும் 2,900 ரூபாய் ஆகும். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வழங்கப்படும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரிசிச் செலவைக் கழித்தபின் எஞ்சும் 5,100 ரூபாயை 61 நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 84 ரூபாய். பருப்பு, எண்ணெய், பால், மருந்து, மின்கட்டணம், ஜூனில் பள்ளி திறக்கும்போது வரும் நோட்டுப் புத்தகச் செலவு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

எனவே சேமிப்பு என்பது சிக்கன உணர்வை மட்டும் பொறுத்ததன்று. பங்குனியில் மீன்பாடு, அதாவது வலையில் கிடைக்கும் மீனின் அளவு, நன்றாக இருந்த குடும்பம் மூட்டையாக வாங்குகிறது. மீன்பாடு குறைந்த குடும்பம் அதே அரிசியை வைகாசியில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கூடுதல் விலைக்கு வாங்குகிறது அல்லது நகையை அடகு வைக்கிறது. ஐந்து வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு, 5,000 ரூபாய் கடன் வாங்கினால் இரண்டு மாதத்தில் வட்டி மட்டும் 500 ரூபாயாகிறது. மேற்கண்ட கணக்கின்படி அது பத்து கிலோ அரிசியின் விலை. வறுமையில் இருப்பவரே அதிக விலை கொடுக்க நேரும் இந்த அநீதியை எந்த வீட்டுப் பெண்ணின் சிக்கனத்தாலும் சரிசெய்ய இயலாது.

மீனவர் 1,500 ரூபாய் செலுத்த, மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம், வருவாய் உள்ள காலத்துப் பணத்தை வருவாய் இல்லாத காலத்துக்கு நகர்த்தும் சரியான எண்ணத்தில் பிறந்தது. அந்த எண்ணத்தின் பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமானால் தொகையைவிட நாளே முக்கியம். தடை தொடங்கும் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கையில், நிவாரணம் அதற்குப் பின் வந்து சேர்வதற்கு நியாயம் இல்லை. புளியும் மிளகாயும் அரிசியும் மலிவாகக் கிடைக்கும் பங்குனி முதல் வாரத்திலேயே அத்தொகையை அரசு வங்கிக் கணக்குகளில் செலுத்திவிட வேண்டும்.