புது மகிழுந்தும் பூச்சுக் குறையும்

மாத்தூரை அடுத்த எண்ணூரில் 1949ஆம் ஆண்டிலேயே ஆஸ்டின் மகிழுந்துகள் உருப்பெற்றன. இன்று நம்மவர் பலர் பல்லாண்டுச் சேமிப்பைத் தந்து மகிழுந்து வாங்குகின்றனர். அதன் பூச்சிற் காணும் குறையை அழகுக் குறையென்று மட்டும் கருதலாகாது.

தொழிற்சாலையில் துருத்தடுப்புப் பூச்சு, இடைப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்காப்புப் பூச்சு எனப் படிப்படியாகப் பூசிச் சூளையில் உலர்த்துவர். யாவும் சேர்ந்தும் அதன் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே! தூசு படிந்தால் பருக்களும், எண்ணெய்ப் பசையிருந்தால் குழிகளும், மிகுதியாகப் பூசினால் வழிசல்களும் தோன்றும். மேலோட்டமான பருவை மெருகிட்டு நீக்கலாம். தகடு தெரியுமளவு பெயர்ந்த இடத்திற்கு மறுபூச்சே வழி. இன்றேல் உப்புக் கடற்காற்று வீசும் நம் பகுதியில் துரு விரைந்து பற்றும்.

ஆகவே, வண்டியைக் கழுவச் செய்து, பகலொளியில் சுற்றிப் பார்த்த பின்னரே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடுக. கண்ட குறையை அச்சீட்டிலேயே எழுதுக; படமும் எடுத்து வைக்க. விற்பனையாளர் சீர்செய்ய மறுப்பின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஈராண்டுக்குள் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். எனினும், முழு வண்டியையும் மாற்றித் தருமாறு கேட்பது எளிதில் நிறைவேறாது. கிளட்ச் பழுது பற்றிய வழக்கொன்றில், பழுதுற்ற உறுப்பை மாற்றித் தருவதே போதும் என உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்துள்ளது.

கையெழுத்திடுமுன் செலவிடும் அரைமணி நேரம், பின்னர் அலையும் பல மாதங்களைக் காக்கும்.