நீலமலையின் மேய்ச்சற் புலங்கள்

‘மாடு’ என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்பதைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை எனப் பெயரிட்டுப் பாடுதற்குரிய பொருளாக வைத்தனர் நம் முன்னோர். ஆயினும் அந்நிரைக்கு உணவாகும் புல்லைப் பற்றியும், அப்புல் வளரும் நிலத்தைப் பற்றியும் நாம் எண்ணுவது அரிது. கேத்திப் பள்ளத்தாக்கையும் அதனைச் சூழ்ந்த நீலமலை மேற்பரப்பையும் சான்றாகக் கொண்டு, மேய்ச்சல் நிலத்திற்கு நேர்ந்த கேட்டினையும் அதனைக் காக்கும் வழியினையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இம்மலையின் மேற்பரப்பில் இயற்கை இருவகை நிலங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளது. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்து நிற்பது சோலை. மேடுகளிலும் சரிவுகளிலும் பரந்து கிடப்பது புல்வெளி. குளிர்கால இரவுகளில் வெளியிடங்களில் உறைபனி படிதலால் மரக்கன்றுகள் கருகுகின்றன. புல்லோ வேரினின்று மீண்டுந் தழைக்கின்றது. காட்டை மக்கள் அழித்தமையாலேயே இப்புல்வெளி உண்டாயிற்று என்று ஒருகாற் பலர் கருதினர். ஆனால் இங்குள்ள சதுப்புக்களில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கினை ஆராய்ந்து 1993இல் அறிஞர் வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னரே புல் இங்குச் செழித்திருந்தமையைக் காட்டிற்று. ஆகவே இது பாழ்நிலம் அன்று. சோலையோடு ஒப்பத் தொன்மை வாய்ந்த நிலமாகும்.

இப்புல்லை நம்பி வாழ்ந்தவர் தோடர். அவர்தம் எருமை சமவெளி எருமையினின்று வேறாயது; அடர்ந்த மயிரும், அகன்று வளைந்த கொம்பும் உடையது. அவர்கள் வாழும் இடம் மந்து எனப்படும். பால் கறத்தலும் கடைதலும் அவர்க்குத் தொழில் மட்டுமன்று, வழிபாடும் ஆகும். நெய்யைக் கொடுத்துப் படகரிடம் தானியமும், கோத்தரிடம் மட்கலமும் இருப்புக் கருவியும் பெற்றனர். கோடையில் நிரையைக் குந்தாப் பக்கத்துப் புல்வெளிகட்கு ஓட்டிச் செல்வர். அதனால் ஊரை அடுத்த நிலம் ஓய்வு பெற்று, புல் மீண்டும் வளர்ந்தது. ஏடு எழுதா மக்களாயினும் நிலத்தைப் பேணும் முறையை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் இம்மலைக்கு வந்த பின்னர் நிலைமை மாறலாயிற்று. சென்னைக் கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830ஐ ஒட்டி, கேத்தியிலேயே அரசாங்கச் சோதனைப் பண்ணை ஒன்று தோன்றிற்று. பின்னர் விறகின் பொருட்டு ஆஸ்திரேலியாவினின்று சீகை மரமும் கற்பூர மரமும் கொணரப்பட்டன. வரி தாராத புல்வெளி பயனற்றது என்பதே அன்றைய எண்ணம். நாடு உரிமை பெற்ற பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்கெனவும், சிறுமுகையில் செயற்கைப் பட்டிழைக்கு வேண்டிய மரக்கூழுக்கெனவும் புல்வெளிகளில் மரங்களை வரிசை வரிசையாக நட்டனர். இத்தகைய நடுகை 1980களின் இறுதியில் நின்றது; ஆனால் சீகை தானே பரவும் இயல்பினது. அதன் நிழலில் புல் மடிகின்றது. மஞ்சட் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம் என்னும் புதரும் எஞ்சிய வெளியை அடைக்கின்றது. மற்றொருபுறம், சதுப்புக்கள் வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் வயல்களாயின. படகர் ஹட்டிகளை அடுத்த மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாயிற்று. இவ்வாறு மேய்புலம் சுருங்கவே, தோடர் எருமைகள் இன்று சில ஆயிரம் என்னும் அளவிற்குக் குறைந்துவிட்டன. அண்டையிலுள்ள பழனி மலையிலும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

இது தோடர்க்கு மட்டும் நேர்ந்த இழப்போ எனின், அன்று. புல்வெளியும் சதுப்பும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. கிளென்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்டும், ஒன்றைப் புல்வெளியாகவே விட்டும் ஒப்புநோக்கியபொழுது, மரம் நட்ட இடத்தில் முதற் பத்தாண்டிலேயே நீர்வரத்து ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. பவானியும் மோயாறும் இம்மலை நீரைக் கொண்டு செல்வன; 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராவும் இந்நீரையே நம்பியுளது. ஆதலின் மலைமேற் புல் மடிந்தால் அதன் விளைவு சமவெளி உழவனையும் சாரும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் கேத்தியை அடுத்த அச்சனக்கல் உள்ளிட்ட இடங்களில் நிலஞ்சரிந்து, மாவட்டத்தில் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையைத் தடுத்தல் நம்மால் ஆவதன்று; சரிவை வெட்டுதலும் நீர்வழியை அடைத்தலும் அதன் தீங்கை மிகுவிக்கும் என்பதையேனும் நாம் உணர்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், சீகையை ஒருங்கே வெட்டிவிடலாமே எனச் சிலர் கூறுவர். அஃது எளிதன்று. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணுட் கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் ஆயிரக்கணக்காக முளைத்தெழும். முதிர்ந்த சீகை நிழலிற் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தோன்றியுள்ளன. அவற்றைக் காத்தலே நன்று. புல் இன்னும் எஞ்சியுள்ள ஓரங்களில் முதலில் தொடங்கி, முளைகளை ஆண்டுதோறும் கையாற் களைந்து, இம்மண்ணுக்குரிய புல்லை நடுதலே தக்க முறை. அயல்நாட்டுக் களைச்செடிகளை அகற்றுதற்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022இல் ஒரு கொள்கை வகுத்துளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்றுளது. இவ்விரண்டும் ஏட்டளவில் நில்லாமல், எந்தச் சரிவில் எந்தப் புல் வளர்ந்ததென்று அறிந்த தோட முதியோரும் ஆலோசனையில் அமர்தல் வேண்டும்.

காய்கறி பயிரிடுவோரை இகழ்தலும் முறையன்று. கேத்தியிற் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அப்பயிரினாலேயே. ஆயினும் ஓடைக்கரையிற் சில கஜ நிலத்தை உழாமல் விடுதலும், சரிவிற்குக் குறுக்கே வரம்பிட்டு அவ்வரம்பில் தீவனப் புல் வளர்த்தலும் அவர்கட்கும் நன்மையே. மண் நிற்கும், தொழுவத்துப் பசுவும் உண்ணும்.

கல்லூரிகளில் ஆண்டுதோறும் மரம் நடு விழாக் கொண்டாடுகிறோம். மரம் நடுதல் நல்லறமே. எனினும் இடமறிந்து செய்யாத அறம் தீங்காய் முடிதலும் உண்டு. மண்வெட்டியை எடுக்குமுன், இவ்விடத்தில் முன்பு நின்றது யாது, இதனால் வாழ்ந்தவர் யாவர் என்று மாணவராகிய நாம் வினவுவோமாக. புல்லென்று இகழப்பட்டதே இம்மலைக்கு நீரும், ஒரு தொல்குடிக்கு வாழ்வும் ஆயிற்று என்பதை மறவாதிருத்தல் நம் கடனாகும்.